ஈரக்கை பட்ட லேகியம்

மருதங்காட்டு அரண்மனை வைத்தியர் வைரவ பண்டிதர் கிண்டிய துளசி லேகியத்தை, ஜமீன்தார் காலையும் மாலையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கி வந்தார். "இது பட்ட இடத்தில் ஒரு கிருமி உயிரோடு இருக்காது!" என்று பண்டிதர் மார்தட்டாத நாளில்லை.

ஒருநாள் ஜாடியைத் திறந்தால், லேகியத்தின் மேல் வெள்ளைவெளேரென்று பூஞ்சணம் பூத்திருந்தது.

பண்டிதர், பச்சிலை அரைக்கும் செங்கம்மாவின் மேல் பாய்ந்தார். "இவள்தான் ஈரக்கையை விட்டிருக்கிறாள்! இல்லையென்றால் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் ஊரைவிட்டே துரத்துங்கள்!"

தொடாத கையைத் தொடவில்லை என்று எப்படிக் காட்டுவது? செங்கம்மா சட்டென்று ஜமீன்தாரைக் கும்பிட்டாள்.

"என் ஈரக்கையே பட்டுச்சுன்னு வச்சுக்குங்க, எசமான். எல்லாக் கிருமியையும் கொல்ற லேகியம், என் கைக் கிருமியை மட்டும் ஏன் விட்டு வச்சுது? பண்டிதரய்யா சொன்னது மெய்யின்னா, நான் அதுல முங்கிக் குளிச்சாலும் அது கெடக்கூடாதே!"

பண்டிதர் இரண்டடி பின்வாங்கினார். செங்கம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவளைவிடப் பெரிய மூச்சு ஜமீன்தாருடையது. ஜாடியை மூடித் தள்ளி வைத்தார்.

"அப்பாடா! அப்போ இனிமேல் இதை நான் தின்ன வேண்டாம்தானே?"