ஜெசிந்தா எந்த வகுப்பு?

“என் மக எந்தப் படிப்புல சேர்ந்திருப்பா, அம்மா?”

சவரிமுத்து என்னிடம் கேட்டது இதைத்தான்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்கள் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வு நாளன்று துறைக்கு ஒரு மேசை போடுவார்கள். ஆசிரியர்கள் நாங்கள் பின்னால் உட்கார்ந்து, கூவாத குறையாக ஆள் பிடிப்போம். எனக்கு வரலாற்று மேசை.

சவரிமுத்துவின் மகள் ஜெசிந்தா போன மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டபோதெல்லாம், அங்கே போய்ச் சொல்கிறேன் அப்பா என்று சிரித்தாளாம். இடம் கிடைத்துவிட்டது. சொல்லத்தான் அவள் இல்லை.

வணிகவியல்காரர், பெண் பிள்ளைக்கு எங்கள் படிப்புதான் நல்லது என்று பாதி சொல்லிவிட்டு, விஷயம் புரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். நான் பக்கத்துத் தத்துவ மேசையைக் கைகாட்டிவிட்டேன். ஈ காக்காய் எட்டிப் பார்க்காத துறை. பேராசிரியை உமையாள் தனியாக உட்கார்ந்திருந்தார். சவரிமுத்துவைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

“தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க, ஐயா?”

“அந்த வகுப்பு வாசல்ல ஒரு நாள் நின்னுட்டு ஊருக்குப் போயிடுவேன். அது தெரியாம தூக்கமே வரல.”

உமையாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். பிறகு, வகுப்புகள் தொடங்கட்டும், ஒவ்வொரு துறையிலும் ஒரு நாள் போய் உட்காருங்கள், சாயங்காலம் என்னிடம் வந்து சொல்லுங்கள் என்றார். துறைத் தலைவர்களிடம் அவரே பேசி வைத்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பெண்ணைப் பறிகொடுத்த மனுஷனை வகுப்பு வகுப்பாக அலையவிடுவதா? ஆனாலும் அவர் போனார்.

நிலவியலில் ஓர் ஆசிரியர் கல்லை உடைத்து, உள்ளே மின்னுவதைக் காட்டினாராம். சவரிமுத்து ஓட்டமும் நடையுமாக வந்தார். இதுதான் அம்மா, கடற்கரைக்குப் போனால் பாவாடை நிறையக் கல்லோடுதான் திரும்புவாள் என்றார். உமையாள் தலையாட்டினார்.

மறுநாள் இசைத் துறை. இல்லை, இதுதான், சோறு வடிக்கும்போதும் ஏதாவது முணுமுணுப்பாள் என்றார். சட்டத் துறைக்குப் போய்விட்டு, வீட்டில் என்னை ஒரு வார்த்தை ஜெயிக்க விட்டதில்லை என்றார். விலங்கியலுக்குப் போனபோது, அடிபட்ட பூனையை மடியில் கட்டிக்கொண்டு அவள் வந்த கதை.

சாயங்காலத்துக்கு ஒரு ஜெசிந்தா வந்தாள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. உமையாளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு சவரிமுத்துவின் நடை தளர்ந்தது. வானியல் வகுப்பு முடிந்து வந்த அன்று ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் அப்படித்தான். எனக்குப் பயமாக இருந்தது. போதும், அவரை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று உமையாளிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

எல்லாத் துறையும் முடிந்த நாள் சவரிமுத்து வந்து வாசலிலேயே நின்றார்.

“எந்தப் படிப்பு, ஐயா?”

மணி அடித்திருந்தது. எல்லாக் கட்டடங்களிலிருந்தும் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு ஜெசிந்தாதான் போச்சுன்னு நெனச்சு வந்தேன்,” என்றார். “இத்தனையும் போயிருக்கு அம்மா.”