கறிக்கோழியிடம் கேட்ட உத்தரவு

“எதைக் கேட்டாலும் தலையாட்டுதா, தாயி. ஒத்த வார்த்தை பேச மாட்டேங்கா.”

கொம்பையா இதைச் சொன்னது தன் மகளைப் பற்றி. சொன்ன இடம், சந்தனமாரியின் கோழிக்கொட்டகை வாசல்.

சந்தனமாரி வீட்டுக்குப் பின்னால் கறிக்கோழி வளர்ப்பவள். அவளே அறுத்து, அவளே சுத்தம் செய்து கொடுப்பாள். கொம்பையாவைவிடப் பதினைந்து வயது சின்னவள். கோழிக்கு வருகிறவர்களில் சிலர் மனக்குறையையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். கோழியை உடனே கொடுத்துவிடுவாள். பதிலுக்கு நாளாகும். சில பேருக்கு வருஷமாகும்.

“சோறு வேணுமாங்கேன். தலையாட்டுதா. போதுமாங்கேன். அதுக்கும் தலையாட்டுதா. புருசன் வீட்டுக்கு எப்பம் போறேன்னு கேட்டா…”

“எப்பம்னு கேட்டா எப்படித் தலையாட்ட முடியும்?”

“ஆட்டுதாளே!”

சந்தனமாரி சிரிக்கவில்லை.

“எப்பமிருந்து இப்படி?”

“கல்யாணத்துல இருந்து. வைகாசியில முடிச்சோம். ஆடிக்குன்னு கூட்டியாந்து வச்சிருக்கேன். ஆவணி பொறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிட்டுப் போவாக. ஊமையையா எங்க தலையில கட்டுனேன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“முந்தி பேசுவாளா?”

“பேசுவாளாவா?”

கொம்பையாவின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

“எங்க குலசாமி பேச்சியம்மன். அந்தப் பேரைத்தான் வச்சேன். பேச்சி. வச்ச பேருக்கு வஞ்சகமில்லாம பேசுவா. இந்தா நிக்கே, இதைக் கறிக்கோழின்னு வாய் தவறிச் சொல்லிட்டா போச்சு. ‘உசுரோட நிக்கும்போதே அதை எப்படிப்பா கறிங்கீங்க? அதுக்கிட்டக் கேட்டீங்களா?’ன்னு பிடிச்சுக்கிடுவா. அரை மணி நேரம் விட மாட்டா. ரெண்டு வருசம் காலேஜுக்குப் போனா. பேச்சுப்போட்டியில கப்பெல்லாம் வாங்கியாந்தா.”

“மூணாவது வருசம்?”

“நல்ல இடம் வந்துச்சு.”

நல்ல இடம் என்றால் என்ன என்று சந்தனமாரி கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாடி வீடு, இரண்டு லாரி, ஒரே பையன்.

“நான் ஒண்ணும் மிரட்டிக் கட்டி வைக்கலை, தாயி. மத்தவன் மாதிரி இல்ல நான். அவகிட்டக் கேட்டுத்தான் செஞ்சேன்.”

“என்ன சொன்னா?”

“தலையாட்டினா.”

“என்ன சொன்னான்னு கேட்டேன்.”

“அதான் தலையாட்டினாளே.”

சந்தனமாரி எழுந்து உள்ளே போனாள். வந்தபோது கையில் ஓர் அட்டைப்பெட்டி. பக்கத்தில் துளை போட்டது. உள்ளே பத்துக் குஞ்சுகள். பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

“ஆவணியில சம்பந்தகாரங்களுக்கு விருந்து வைக்கணும்லா? நீங்களே வளருங்க, அண்ணாச்சி. நாப்பது நாளு.”

“நான் கேட்டது இது இல்லையே.”

“இதான் இருக்கு.”

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் கிளம்பினான். பின்னாலிருந்து அவள் குரல் கொடுத்தாள்.

“ராத்திரி கூண்டுல போடுத குண்டு பல்பை அணைச்சிராதீங்க. வெளிச்சம் இருந்தாத்தான் விடாம தின்னும்.”



பத்தாம் நாள் வந்தான்.

“கை தட்டினா ஓடி வருது, தாயி. என்மேல அம்புட்டுப் பிரியம்.”

“தட்டும்போது கையில என்ன இருந்துச்சு?”

“தீனி.”

சந்தனமாரி தண்ணீர்த் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“பேச்சி?”

“கூண்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கா. பேரு வைக்கியாம்மான்னு கேட்டேன்.”

“தலையாட்டினா.”

“ஆமா.”

“வச்சாளா?”

“இல்லை.”

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு அவ்வளவுதான்.



இருபத்தைந்தாம் நாள் நல்ல செய்தியோடு வந்தான்.

“கூண்டைத் திறந்தே போட்டுட்டேன், தாயி. ஒண்ணாவது வெளிய போகணுமே! உள்ளேயே உக்காந்திருக்கு. நம்ம வீடு பிடிச்சுப்போச்சு அதுகளுக்கு.”

சந்தனமாரி தன் கொட்டகையிலிருந்து ஒரு கோழியை எடுத்துவந்தாள். வெள்ளைக் கோழி. மூட்டை மாதிரி கனத்தது. அதை வெட்டவெளியில் மண்ணில் விட்டாள்.

“நடக்கச் சொல்லுங்க.”

கொம்பையா கை தட்டினான்.

கோழி இரண்டு அடி எடுத்து வைத்தது. மூன்றாவது அடியில் கால் அகன்றது. நெஞ்சு தரையில் பட, அப்படியே உட்கார்ந்துவிட்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

“என்னாச்சு?”

“நெஞ்சுக்கறி கூடிப்போச்சு. காலு தாங்கலை.”

“அப்பம் பிடிச்சுப்போயி உக்காரலையா?”

சந்தனமாரி கோழியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள்.



முப்பத்தைந்தாம் நாள் கொம்பையா வாசலிலேயே நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஒண்ணு செத்துப்போச்சு. காலையில போயிப் பார்க்கேன், மல்லாந்து கெடக்கு. நான் என்ன குறை வச்சேன்? நேரத்துக்குத் தீனி வச்சேன். தண்ணி வச்சேன். வெக்கையா இருக்குன்னு என் காத்தாடியைக் கொண்டுபோயி அதுகளுக்கு வச்சேன்!”

“பேச்சி அழுதாளா?”

“இல்லை. எடுத்துக்கிட்டுப் போயி முருங்கை மரத்து மூட்டுல புதைச்சா. வாய் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. அது பக்கத்துல குனிஞ்சு என்னமோ சொன்னா. ஓடிப்போயி நின்னேன். நிறுத்திட்டா.”

“என்ன கேட்டீங்க?”

“என்னம்மா சொன்னே, ஒண்ணுமில்லையேன்னு கேட்டேன்.”

சந்தனமாரி அவனையே பார்த்தாள். பேச்சி மாதிரியே தலையாட்டிக் காட்டினாள்.

கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்ன கேலி பண்ணுதியா? மகளுக்கு வழி கேட்டு வந்தேன். நீ கோழியைக் குடுத்து அனுப்பிட்டே. இன்னும் அஞ்சு நாளுதான் இருக்கு. நாலு பேரு உன்னைய ஞானிங்கான். கோழி அறுக்கிறவகிட்ட ஞானம் கேக்க வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“அறுக்கதுக்கு நானே வாரேன், அண்ணாச்சி. விடிஞ்சதும் வந்திருதேன்.”



ஆவணி முதல் வெள்ளி. சந்தனமாரி கத்தியும் சாக்கும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானத்துக்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். பின்கட்டில் இரண்டு அடுப்பு மூட்டியிருந்தது. ஒன்றில் வெந்நீர் கொதித்தது. பேச்சி குளியலறையில் இருந்தாள். தகப்பன் தலைக்குக் குளிக்கச் சொல்லியிருந்தான். தலையாட்டியிருந்தாள்.

கொம்பையா ஒரு வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்திருந்தான்.

“இது எதுக்கு?”

“முதல் கோழி பேச்சியம்மனுக்கு. தண்ணி ஊத்தி உத்தரவு கேப்போம்லா. அம்மன் உத்தரவு குடுத்துட்டா எம்மகளுக்கும் வாய் திறந்திரும்.”

அந்தப் பக்கத்தில் அது வழக்கம். சாமிக்கு விட்ட கோழியின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை ஓர் உதறு உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். உதறாத கோழியை அறுக்கமாட்டார்கள்.

“சாமிக்கு நாட்டுச்சேவல்தானே விடுவாங்க?”

“எதா இருந்தா என்ன? கேக்கணும். அதான் முக்கியம். உத்தரவு இல்லாம இந்தக் கை எதையும் செஞ்சதில்லை.”

வாளிக்குள் ஒரு கோப்பை கிடந்தது. இரண்டு பக்கமும் காது வைத்த கோப்பை. சந்தனமாரி அதை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, அடியில் இருந்த எழுத்தைப் படித்தாள்.

பேச்சுப்போட்டி. முதல் பரிசு.

“தீனி அள்ளத் தோதா இருந்துச்சு,” என்றான் கொம்பையா.

அவள் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவன் ஒரு கோழியைத் தூக்கிவந்து முருங்கை மரத்தடியில் கிழக்குப் பார்த்து விட்டான். விட்ட இடத்தில் அது உட்கார்ந்தது. ஒரு கோப்பை ஊற்றினான்.

கோழி கண்ணை மூடியது. உதறவில்லை.

“தாயே, உம் பிள்ளைதான் கேக்கேன்.”

இன்னொரு கோப்பை. உதறவில்லை. இறகு அடர்த்தியாக வளராத உடம்பு. நனைந்ததும் சிவந்த தோல் தெரிந்தது.

“நல்ல பிள்ளைல்லா. உதறு பார்ப்போம்.”

இன்னொன்று.

“உனக்கு என்ன கெடுதலா நினைக்கப்போறேன்? உம்?”

இன்னொன்று. கோழி வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

“அவுக வார நேரமாச்சு. எம் மானத்தை வாங்கணும்னே உக்காந்திருக்கியா?”

இன்னொன்று. இன்னொன்று. தலைமேல் ஊற்றினான். முகத்தில் ஊற்றினான்.

“உன்னைய எப்படி வளர்த்தேன்! எனக்காக இந்த ஒண்ணு செய்ய மாட்டியா?”

வாளி காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் வாளியையே சாய்த்தான்.

கோழியின் கழுத்து நடுங்கியது. நடுக்கம் முதுகுக்கு ஓடியது. அது உடம்பை ஒரு தடவை உதறியது.

“உதறிட்டுது!”

கொம்பையா வாளியைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கண்ணில் தண்ணீர் நின்றது. நிஜமான கண்ணீர்தான்.

“உத்தரவு குடுத்துட்டா, தாயி! பார்த்தியா? நீயே பார்த்தேல்லா?”

கோழியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினான். அது குளிரில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

சந்தனமாரி கை நீட்டவில்லை. கத்தி சாக்கின் மேலேயே கிடந்தது.

“எத்தனை தடவை ஊத்துனீங்க, அண்ணாச்சி?”

“அதை யாரு எண்ணுனா? உதறுத வரைக்கும் ஊத்துனேன்.”

“கல்யாணத்துக்குப் பேச்சிகிட்ட எத்தனை தடவை கேட்டீங்க?”

கொம்பையா நீட்டிய கையை மடக்கிக் கோழியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

புறவாசல் நிலைப்படியில், முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பேச்சி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் தகப்பனைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல் கேட்டது.

“பத்தொம்பது.”