எல்லாவற்றுக்கும் ஒரே தேதி

கிர்ர்ர். டொக். கிர்ர்ர்.

படியேறும்போதே இன்னாசிக்குக் கேட்டது. இறந்துபோன தம்பி சவரியின் கம்ப்யூட்டர். தன்னால் கிளப்ப முடியாமல், தான் வேலை பழகும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலேயே கொடுத்திருந்தார்.

சபுரா டீச்சர் நிமிரவில்லை. வயதில் ரொம்ப இளையவர். ஆனாலும் இங்கே குரு அவர்தான்.

"உட்காருங்கண்ணே. அந்தக் கீபோர்டைப் பிரஷால துடைங்க. இந்த டிஸ்க் சாகக் கிடக்கு, அதுக்குள்ள எடுத்திரணும்."

பழைய மெஷினிலிருந்து ஒரு கேபிள் புது லேப்டாப்புக்குப் போனது.

"ஒத்துவரலையா டீச்சர்?"

"பழசோட பேசுறது புதுசுக்குக் கௌரவக் குறைச்சலாம். கொஞ்சம் இறங்கி வாடான்னு கெஞ்சிக்கிட்டிருக்கேன்."

ஒருவழியாக இறங்கி வந்தது. ஃபைல்கள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. கடைசியில் ஒரு விளையாட்டு, சவரியே எழுதியது. சபுரா திறந்தார்.

ஆற்றில் இரண்டு படகுகள். ஒன்றின்மேல் சவரி என்று இருந்தது. இன்னொன்றின்மேல் அண்ணன். இரண்டு பேரும் சேர்ந்து கீயைத் தட்டினால்தான் நகரும்.

இன்னாசியின் கையில் பிரஷ் நின்றது.

"எப்ப எழுதினான்? தேதி பாருங்க."

"எண்பதாம் வருஷம், ஜனவரி ஒண்ணு."

"அப்ப அவன் கைக்குழந்தை."

"உள்ள இருக்குற கடிகார பேட்டரி செத்துருச்சுண்ணே. எல்லாத்துக்கும் இதே தேதிதான்."

"வீட்டுக்காக நாங்க சண்டை போட்டுப் பிரிஞ்சதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரியணும் டீச்சர்."

"தெரிஞ்சா?"

"முன்னாடின்னா சும்மா விளையாட்டு. பின்னாடின்னா கூப்பிட்டிருக்கான். நான் சாவுக்குத்தான் போனேன்."

சபுரா பழைய மெஷினை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எல்லாம் எடுத்தாச்சு. இதுல ஒரு வரி அடிச்சு சேவ் பண்ணுங்க."

தம்பியின் பெயரை அடித்தார். இடமில்லை என்று சொல்லிவிட்டது மெஷின்.

"கடைசி வரைக்கும் இதுலதானே வேலை பார்த்தாரு?"

"ஆமா. அச்சாபீஸுக்கு டைப் அடிச்சுக் குடுப்பான்."

"அப்ப ஒண்ணை அழிச்சாத்தான் அடுத்ததுக்கு இடம். எப்ப எழுதினார்னு எனக்குத் தெரியலைண்ணே. ஒவ்வொரு தடவையும் இதை விட்டுட்டு வேற எதையோதான் அழிச்சிருக்காரு."

டொக். அதற்குப் பிறகு டிஸ்க்கிலிருந்து சத்தம் இல்லை.

லேப்டாப்பில் படகுகள் நின்றபடியே இருந்தன. இன்னாசி பிரஷை எடுத்து, விட்ட இடத்திலிருந்து துடைக்கத் தொடங்கினார்.