மயிலின் கழுத்து

"அம்மா, கழுத்துக்கு நீலம் இல்லை," என்றார் அரியநாயகம்.

மடத்தை நடத்தும் மங்கையம்மாள் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வரும்."

"வெள்ளிக்கிழமை குருபூஜை. அதற்குள் வருமா?"

"வந்தா வரும்."

அரியநாயகம் ஓய்வு பெற்ற பொறியாளர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். மன அமைதி வேண்டும் என்று மடத்துக்கு வந்தார். அம்மா உபதேசம் எதுவும் செய்யவில்லை. தோட்டத்துச் சுவரைக் காட்டி, "இதுல ஒரு மயில் பதிங்க" என்றார்.

ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் உடைந்த ஓடு, பீங்கான், வளையல் எல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள்.

அம்மா வைத்த விதி ஒன்றுதான். தானாக உடைந்ததைப் பதிக்கலாம். பதிப்பதற்காக எதையும் உடைக்கக் கூடாது.

தோகை முடிந்துவிட்டது. கால்கள் முடிந்துவிட்டன. கழுத்து மட்டும் வெறுமையாக இருந்தது.

மறுநாள் மடத்து அடுக்களையில், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு நடுவே அரியநாயகம் ஒரு பீங்கான் கிண்ணத்தைப் பார்த்தார். அசல் மயில் கழுத்து நீலம்.

எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. விளிம்பில் ஒரு சின்ன மூளி.

எப்படியும் உடையப்போவதுதானே.

சாக்குத் துணியில் சுற்றி, சுத்தியலால் தட்டினார். விளிம்புத் துண்டுகளைக் கழுத்தின் ஓரமாக வரிசை கலையாமல் பதித்தார். வளைவு அளவெடுத்தது போலப் பொருந்தியது. பொழுது சாய்வதற்குள் கழுத்து நிறைந்துவிட்டது.

விடிவதற்குள் சிமென்டும் இறுகிவிட்டது.

காலையில் இசக்கியம்மாள் வந்தாள். மடத்துக்குத் தயிர் கொடுப்பவள்.

"ஐயா, நேத்து தயிர் கொண்டாந்த நீலக் கிண்ணத்தக் காணுமே."

அரியநாயகம் சுவரைப் பார்த்தார். அவளும் திரும்பிப் பார்த்தாள்.



"மயிலு நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"அதில் விரிசல் இருந்தது, தாயி."

"ஆமா. வருசக்கணக்கா இருக்கு."

"வேற வாங்கித் தர்றேன். அதைவிட நல்லதா."

"வேண்டாம்யா. எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கண்ணு தெரியாது. அந்தக் கிண்ணத்து விளிம்பத் தடவிப் பாத்துட்டுத்தான் சோத்துல கைய வைப்பாவ. நேத்து ராத்திரி எவர்சில்வர் தட்டுல போட்டேன். கைய எடுத்துட்டாவ. 'யாரு வீட்டுல இருக்கோம்ட்டி'ன்னு கேக்காவ. நம்ம வீடுதான்னா நம்ப மாட்டேங்காவ. சாப்பிடாமப் படுத்துட்டாவ."

அவள் மறுபடி மயிலைப் பார்த்தாள்.

"மடத்துக்கு நல்ல பாத்திரத்துல கொண்டு போவோம்னு நேத்து ஒருநாள் எடுத்தாந்தேன். எம் புத்தியச் சொல்லணும்," என்றபடி அவள் போய்விட்டாள்.

அரியநாயகம் அம்மாவிடம் போனார்.

"உடைக்கக் கூடாததை உடைச்சிட்டேன்."

"தெரியும்."

"பேத்து எடுத்து ஒட்டிக் கொடுத்துடட்டுமா?"

அம்மா உளியை எடுத்துக் கொடுத்தார்.

அரியநாயகம் ஒரு துண்டின் ஓரத்தில் உளியை வைத்து மெதுவாகத் தட்டினார். துண்டு பெயரவில்லை. நொறுங்கியது.

உளியைக் கீழே வைத்தார்.

"பரிகாரம் சொல்லுங்க, அம்மா."

"குருபூஜைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க. நீங்களே கையைப் பிடிச்சு."

வெள்ளிக்கிழமை அரியநாயகம் சுடலைமுத்துவின் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குள் அழைத்து வந்தார். பின்னால் அவர் மனைவி இசக்கியம்மாள். அந்த மனிதர் மெலிந்திருந்தார். பேச்சு மட்டும் மெலியவில்லை.

"குருட்டுப் பயலுக்கு மயிலு காட்டக் கூட்டிட்டு வந்தீராக்கும்? நல்ல ஆளுவே நீரு."

"தடவிப் பாருங்க," என்றார் அம்மா.

அரியநாயகம் அவர் கையைச் சுவரில் வைத்தார். விரல்கள் தோகையில் இறங்கின.

"இது வளையலு. இது ஓடு. இது எவளோ காப்பித் தம்ளரப் போட்டு உடைச்சிருக்கா." சிரித்தார். "புருசன்கூடச் சண்டையா இருக்கும்."

விரல்கள் மேலே ஏறின. முதுகு. பிறகு கழுத்து.

நின்றன.

விளிம்பின் ஓரமாக ஒருமுறை போயின. திரும்பி வந்தன. அந்தச் சின்ன மூளியைக் கண்டுபிடித்து, அதிலேயே தங்கிவிட்டன.

அவர் முகம் மலர்ந்தது.

"ஏட்டி, வீட்டுக்கு வந்துட்டோமா?"

இசக்கியம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

சுடலைமுத்து தன் கையைப் பிடித்திருந்தவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீராவது சொல்லும்வே. இது எங்க வீடுதான?"

அரியநாயகம் அம்மாவைப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்காரு," என்றார் அம்மா.