ஒற்றை எலும்புக்காரி விழுந்த கதை

அந்தக் காலத்தில், எறும்பும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், மனித உடம்புக்கு மொத்தமே ஓர் எலும்புதான். உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை, உலக்கையை விழுங்கியதுபோல. கை இரண்டும் எலும்பே இல்லாத கொடிகள். உட்கார முடியாது, குனிய முடியாது, தூக்கம்கூடச் சுவரில் சாய்ந்துதான்.

கீழே விழுந்ததை எடுக்க முடியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கம். அதனால் "விழுந்தது எறும்புக்கு" என்று அதையே சட்டமாக்கிப் பெருமையடித்துக்கொண்டார்கள்.

மாயக்காளின் பெண்குழந்தை மரக்கிளைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டவன் அவள் புருஷன் சங்கையன். அவன் செய்த வேலை என்றைக்கு உருப்பட்டது? மத்தியானம் முடிச்சு அவிழ்ந்து, குழந்தை பொத்தென்று புல்லில் விழுந்து வீறிட்டது.

மாயக்காள் அலறினாள். "யோவ், பிள்ளை!"

"விழுந்துருச்சே..." என்றான் சங்கையன், வானத்தைப் பார்த்தபடி. கீழே பார்க்கத்தான் கழுத்து வளையாதே!

அவள் பதறிப் பின்னால் நகர்ந்தாள். ஏழெட்டு அடி தள்ளி நின்றால்தான் தரை கண்ணில் படும். பட்டது. கறுப்பாக ஒரு வரிசை குழந்தையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"கோபிக்காதே தாயி," என்றது முன்னால் வந்த எறும்பரசி. "சட்டம் நாங்கள் போட்டதில்லை."

ஊரே கூடி உச்சுக்கொட்டியது. "விடுடி, இன்னொண்ணு பெத்துக்கலாம்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மாயக்காளால் தன் காதையே நம்ப முடியவில்லை. பிள்ளை என்ன, உடைந்த சட்டியா? அருகில் ஒரு பாறை கிடந்தது. வெட்டிய மரம்போல அதன்மேல் குப்புறச் சாய்ந்தாள்.

மளுக்!

அந்த ஒற்றை எலும்பு சிதறி, காலிலும் தோளிலிருந்து கையிலும் நீளத் துண்டுகளாக ஓடியது. மணிக்கட்டில் கூழாங்கல் அளவில் நின்றது. மண்டையிலும் மார்பிலும் தட்டையாகப் பரந்தது. முதுகில்தான் ஒழுங்கே கிடையாது, கொம்பும் ஓட்டையுமாகக் கோணல்மாணல் துண்டுகள்.

செத்தாள் என்று நினைத்தபோது அவள் உட்கார்ந்தாள். மனுஷி உட்கார்வதை அன்றுதான் பார்த்தார்கள்! சங்கையன் நின்றபடியே மயங்கினான். அவள் தவழ்ந்துபோய், குனிந்து, பிள்ளையை வாரி எடுத்தாள். இறுக்கிய இறுக்கில் அதன் எலும்பும் பொடிப்பொடியானது, தாயைவிட அதிகத் துண்டுகளாக.

"நீயும் விழுந்தாய். நீயும் எங்களுக்குத்தான்," என்றது எறும்பரசி.

"எழுந்துவிட்டேனே! எழுந்தவளைத் தொட எந்தச் சட்டம் இருக்கிறது, சொல்லு!"

எறும்பரசி தரையைத் தேடியது. மாயக்காளின் முழங்காலிலிருந்து தெறித்த ஒரு சில்லு மட்டும் தரையில் எழாமல் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனது. கடித்தால் பல் போகிறது என்று மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்தது. அதற்குள் மூட்டு மூடிவிட்டதால், எந்த எலும்போடும் சேராமல் தசைநாணுக்குள் செருக வேண்டியதாயிற்று.

பின்னால் பிறந்தவர்கள் எல்லாம் மாயக்காளின் வயிற்று வழிதான். அன்று முதல்தான் பிள்ளைகள் நிறையத் துண்டுகளோடு பிறந்து, வளர வளர ஒட்டிக்கொள்கிறார்கள். முழங்கால் சில்லும் அவர்கள் விழுந்து எழுந்து காட்டிய பிறகே கெட்டிப்படுகிறது. கீழே அழும் பிள்ளையைத் தூக்கக் குனியும்போதெல்லாம் நம் முழங்கால் "மளுக்" என்பதும் அன்று முதல்தான்.