வெள்ளிக்கிழமை வரவேண்டிய திருடர்

கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்று. அதன் கிளை ஆபீஸில் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று இருந்தது. அதுவும் அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

மேனேஜர் நாச்சிமுத்து ரொம்ப நல்ல மனிதர். அதனால்தான் போன வருஷம் பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒரு குரலுக்கு ஆபீஸ் பாஸ்வேர்டைச் சொன்னார். சரியாகக் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தரமும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். விஷயம் முதலாளிக்குப் போயிற்று. "இன்னொரு வாட்டி எவனாச்சும் உள்ள பூந்தான்னா, நீங்க சாயப்பட்டறைக்குப் போயிருங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். நாச்சிமுத்துவுக்குச் சாய வாடை பட்டாலே தும்மல். ஒரே ஒரு மணி நேரம் அங்கே போய்வந்துவிட்டு மூன்று நாள் தும்மியவர் அவர். பாவம், அன்றிலிருந்து போன் அடித்தாலே அவருக்கு மூக்கு அரித்தது.

கம்ப்யூட்டர் பாதுகாப்பை விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கச் சென்னை ஆபீஸிலிருந்து வினோதினி என்ற பெண் வந்தாள். ஒரு டபுள் பெட்ஷீட் முழுக்கப் பரமபதக் கட்டம் அச்சடித்துக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். ஆட்களேதான் காய்கள். உஷாராக இருந்தால் ஏணி, ஏமாந்தால் பாம்பு. சாயங்காலம் ஆனதும், "இன்னைக்கு இது போதும். நாளைக்கு நான் வர்ற வரைக்கும் அவங்கவங்க கட்டத்துலயே இருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் நாலு பேரும் கட்டத்திலேயே நின்றார்கள். கணக்கு எழுதும் மயிலாத்தாள் நாற்பத்து மூன்றில் நின்றபடி, புருஷன் கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிசைனர் சம்பந்தம் பன்னிரண்டில் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றான். "மேடம், சீக்கிரம் உருட்டுங்க. எனக்கு அவசரமா வெளிய போகோணும்" என்றான். பேக்கிங் பொங்கியண்ணனுக்கு மட்டும் கண்கள் சிவந்திருந்தன. அவர் நின்றது பாம்புத் தலைக்குப் பக்கத்துக் கட்டம்.

வினோதினி பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனாள். "சந்தேகமா எது பட்டாலும் உடனே எனக்குச் சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஏணி."

மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு சந்தேகம் வந்து குவிந்தது. டீக்கடை வடை நேற்றையது என்று பொங்கியண்ணன் சந்தேகப்பட்டார். பழனிக்குப் போவதாகச் சொன்ன மச்சினன் பழனிக்குப் போகவில்லை என்று சம்பந்தம் சந்தேகப்பட்டான். மயிலாத்தாள் வினோதினியையே சந்தேகப்பட்டாள். "முன்ன பின்ன தெரியாதவங்க, வந்ததுல இருந்து பாஸ்வேர்டைப் பத்தியே பேசறீங்க" என்றாள். யோசித்துப் பார்த்தால் அது நியாயம்தான். வினோதினி அதற்கு மட்டும் இரண்டு ஏணி கொடுத்தாள்.

புதன்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது அவள் கடைசி ஆட்டத்தைச் சொன்னாள். "இன்னைக்கே எல்லாரும் பாஸ்வேர்டை மாத்திடுங்க. அது யாருக்குமே தெரியக்கூடாது. வெள்ளிக்கிழமை எங்க ஆள் ஒருத்தர் மாறுவேஷத்துல திருடனா வருவார். அவர் உங்க கம்ப்யூட்டருக்குள்ள பூந்துட்டா நீங்க தோத்தீங்க. முதலாளிக்கு ரிப்போர்ட் போகும்."

நாச்சிமுத்துவுக்கு அப்போதே ஒரு தும்மல் வந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கூட்டம் போட்டார்.

"யாருக்குமே தெரியக்கூடாதுன்னு சொல்லீட்டாங்க. என்ற சொந்தப் பாஸ்வேர்டு எனக்குத் தெரியலாமுங்களா?" என்று சம்பந்தம் கேட்டான்.

"நீ யாரு?" என்றார் பொங்கியண்ணன்.

"நானுங்களா? சம்பந்தமுங்க."

"அப்ப நீயும் ஒரு ஆளுதானே. உனக்கும் தெரியக்கூடாது."

எல்லாருக்கும் இது சரியாகப் பட்டது. எழுத்தும் எண்ணுமாகச் சீட்டு எழுதி டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு பதினெட்டுச் சீட்டு எடுத்து, அதே வரிசையில் கம்ப்யூட்டரில் இரண்டு தரம் தட்டி, சீட்டுகளை டீயில் நனைத்து விழுங்கினார்கள். மயிலாத்தாள் மட்டும் கண் கலங்க எழுந்து நின்றாள்.

"சார், எனக்கு முதல் எழுத்து ஞாபகம் இருக்குதுங்க."

"ஐயையோ. மறந்துரு மயிலாத்தா, சாமியைக் கும்பிட்டுட்டு மறந்துரு" என்று நாச்சிமுத்து கெஞ்சினார். அவள் சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிச் சொல்லி, ஆறு மணிக்கு ஒருவழியாக மறந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

வியாழக்கிழமை ஒரு கம்ப்யூட்டரும் திறக்கவில்லை. ஜெர்மனிக்குப் போகவேண்டிய சரக்கோடு லாரி வாசலில் நின்றது. அதற்கான பேப்பர்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. டிரைவர் ஹாரன் அடித்தார். நாச்சிமுத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பொறுங்க தம்பி, நாளைக்குத் திருடர் வந்து திறந்து குடுத்துருவாரு" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒருவர் கருவிப் பையோடு வந்து, ஏசி ரிப்பேர் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்.

"நம்ம ஆபீஸ்ல ஏசியே இல்லீங்களே" என்றான் சம்பந்தம்.

"அப்ப அவருதான். வாங்க வாங்க, உங்களைத்தான் ரெண்டு நாளா எதிர்பார்த்துட்டு இருக்கறோமுங்க" என்று நாச்சிமுத்து இரண்டு கையையும் கூப்பினார்.

வந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மாறுவேஷத்துக்காக அவர் மீசை வேறு ஒட்டியிருந்தார். மயிலாத்தாள் டீ கொடுத்தாள். பொங்கியண்ணன் அட்டையால் விசிறினார். நாச்சிமுத்து தன் சொந்த நாற்காலியிலேயே அவரை உட்காரவைத்து, "கூச்சப்படாம திருடுங்க" என்றார்.

அவர் மூன்று மணி நேரம் முட்டி மோதினார். ஒட்டு மீசை வியர்வையில் ஒரு பக்கம் தொங்கிற்று. பாஸ்வேர்டு என்னவென்று தந்திரமாகக் கேட்டுப் பார்த்தார். அவர்கள் சத்தியமாகத் தெரியாது என்றார்கள். மிரட்டிப் பார்த்தார். நாலு பேரும் அழாத குறையாக, தெரிந்தால் சொல்லமாட்டோமா என்றார்கள். கடைசியில் அவர் சென்னைக்குப் போன் போட்டு, "மேடம், இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஆபீஸைப் பார்த்ததில்லை. இவங்க ஜெயிச்சாச்சு" என்றார்.

ஐந்து நிமிஷத்தில் முதலாளியே போனில் கூப்பிட்டார். சாயப்பட்டறைப் பேச்சுக்கே இனி இடமில்லை, நாச்சிமுத்து மேனேஜராகவே இருக்கலாம் என்றார். நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இவ்வளவு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. துடைத்து முடித்துத் திரும்பினால், வந்தவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க? லாரி நிக்குதுங்களே."

"அதுக்கு நான் என்ன சார் பண்ணட்டும்?"

"வந்த வேலையை முடிக்காம போனா எப்புடிங்க?"

வாக்குவாதம் முற்றியது. பொங்கியண்ணன் அவர் சட்டையைப் பிடித்தார். நாலு பேரும் அவரை ஆட்டோவில் ஏற்றி நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஏட்டையா தொங்கும் மீசையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு இவன்?"

"திருடருங்க. ஆபீஸுக்குள்ள வந்தாருங்க" என்றார் நாச்சிமுத்து.

"என்னென்ன திருடினான்?"

"ஒண்ணுமே திருடலைங்க. அதுதானுங்க புகாரு."

ஏட்டையா பேனாவைக் கீழே வைத்தார். நாலு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலும் ரொம்ப நியாயமான முகங்களாக இருந்தன.

"சரி, இப்ப இவரை நான் என்னதான் பண்ணோணும்?"

"திருடி முடிக்கற வரைக்கும்," என்றார் நாச்சிமுத்து, "வெளிய விட்டுராதீங்க."