பெயர் எழுத வேண்டாம்

வகுப்பில் பிள்ளைகள் ஏன் கேள்வி கேட்பதில்லை என்று ஆறு வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் பொன்னுலிங்கம் சார். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளையும் கோடை விடுமுறைகளையும் தின்று வளர்ந்த ஆராய்ச்சி அது. அதைப் பற்றி யாரிடமும் ஒரு மணி நேரம் பேசுவார். நெறியாளரிடம் மட்டும் வாய் வராது.

நெறியாளர் டாக்டர் ஜெபராணி இவரைவிட ஒன்பது வயது இளையவர். வயதில் இவர் பெரியவர், பதவியில் அவர் பெரியவர். இவர் ‘மேடம்’ என்பார், அவர் ‘சார்’ என்பார். இருவருக்கும் நடுவில் மரியாதை தாராளமாக இருந்தது, பேச்சுத்தான் இல்லை.

ஆய்வேட்டின் ஐந்தாவது அத்தியாயத்தில் அவருக்கு ரொம்பப் பெருமை. பிள்ளைகள் பயத்தால் கேட்பதில்லை. வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி வைத்தால் பயம் போய்விடும் என்பது அதன் சாரம். கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டாம்.

தன் ஒன்பதாம் வகுப்பிலேயே வைத்துப் பார்த்தார். முன்பெல்லாம் பாடம் முடிந்ததும், “யாருக்காவது டவுட்டு இருக்கா?” என்பார். “இல்ல சார்” என்று வகுப்பே ராகம் போடும். பெட்டி வந்த பிறகு சீட்டுகள் குவிந்தன. எண்ணி அட்டவணை போட்டார். நல்ல சீட்டுகளாகப் பார்த்துப் படம் எடுத்துப் பின்னிணைப்பில் சேர்த்தார்.

பொங்கல் கழிந்த வாரம் ஆய்வேட்டைக் கொண்டுபோய் மேடத்தின் மேசையில் வைத்தார். நெறியாளர் கையெழுத்து இருந்தால்தான் பல்கலைக்கழகம் அதை வாங்கும். ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு அவருடைய பதிவுக் காலம் முடிகிறது. அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது. தேதி தவறினால் ஆறு வருஷ உழைப்பும் வீண்.

பிப்ரவரியில் கையெழுத்து என்ன ஆயிற்று என்று கேட்கப் போனார்.

“வாங்க சார். ஏதாவது கேக்கணுமா?”

“ஒண்ணுமில்ல மேடம். இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்.”

அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தையும் உடைமரங்களையும் விட்டால் வேறொன்றும் கிடையாது. மேடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மார்ச்சிலும் போனார். ஏப்ரலிலும் போனார். அதே கேள்வி, அதே பதில். வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி செல்வக்கனி பிடித்துக்கொள்வாள்.

“கேட்டியளா?”

“கேக்கேன், கேக்கேன். அவங்க முகம் இன்னைக்குச் சரியில்ல.”

“முகத்துல என்ன எழுதியா வச்சிருக்கு? அவங்க என்ன புலியா?”

புலியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, பசி என்றாவது தெரியும் என்று நினைத்துக்கொண்டார். மேடத்துக்கு என்ன வேண்டும் என்றல்லவா தெரியவில்லை.

யோசிக்க ஆரம்பித்தார். யோசிக்க யோசிக்கக் காரணங்கள் தாமாகவே கிடைத்தன. ஆய்வேட்டோடு ஒரு கட்டு அவித்த பனங்கிழங்கு கொண்டுபோயிருந்தார். மேடம் ஒன்றை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மீதியைத் துறையில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். நம் வீட்டுப் பண்டம் என்றால் இளப்பமோ?

அது போகட்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில் மேடம் சொன்ன சதவீதக் கணக்கு தப்பு என்று இவர் சபையில் எழுந்து திருத்தினாரே, அது? அன்றைக்கு மேடம் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். அந்தச் சிரிப்புக்கு இப்போது வேறு அர்த்தம் தோன்றியது.

ஜூன் மாதம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நீல அட்டை போட்ட ஆய்வேடு மேசை மேலேயே கிடந்தது. அதன் மேல் ஒரு காபி டம்ளர். ஜூலையில் பார்த்தபோது ஆய்வேட்டையே காணவில்லை. அட்டெண்டர் சுடலைமுத்துவைத் தூண் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“அண்ணாச்சி, என் தீசிஸ் எங்க?”

“மேடம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

“எதுக்கு?”

“படிக்கத்தான் இருக்கும்.”

“அதான் ஆறு மாசமா வச்சிருக்காங்களே, இன்னுமா படிக்காங்க? வேற யாருக்கும் கொடுத்திருப்பாங்களோ?”

“அதை அவங்ககிட்டல்லா சார் கேக்கணும்.”

அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி யோசனையை யாரோ தங்கள் பெயரில் போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று உறுதியாகிவிட்டது. துணைவேந்தருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் என்ன என்றுகூட நினைத்தார். ஆறு வருஷம் நெறியாளராக இருந்த பெண்மணி மேல் மொட்டைக் கடுதாசி! நினைத்த மாத்திரத்தில் அவருக்கே அவமானமாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

ஆகஸ்டில் போனபோது மேடத்தின் அறை வாசலில் ஒரு ஸ்டூல். அதன் மேல் சாக்பீஸ் அட்டைப்பெட்டி, மேலே கீறிய வாய். பக்கத்தில் மேடத்தின் கையெழுத்தில் ஒரு தாள்: ‘கேள்விப் பெட்டி. பெயர் எழுத வேண்டாம்.’

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இது கேலியேதான். உலகத்துக்கே படம் போட்டுக் காட்டுகிறார்.

சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. கோபம் ஒரு பக்கம், கேட்டுவிடும் ஆசை ஒரு பக்கம். கடைசியில் ஆசைதான் ஜெயித்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில், எழுத்து அடையாளம் தெரியக் கூடாதென்று இடது கையால் கிறுக்கினார்: ‘ஆய்வேட்டில் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை?’ பெட்டியில் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக பஸ்ஸைப் பிடித்தார். நாற்பத்தேழு வயதில் அந்த ஓட்டம்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். அறிவிப்புப் பலகையில் அந்த பஸ் டிக்கெட் குத்தியிருந்தது. கீழே மேடத்தின் பதில், இரண்டே சொல்: ‘யாருடைய ஆய்வேடு?’

யாருடையதா? தெரியாத மாதிரி கேட்கிறாரே! பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்வையை ஓட்டினார். மேசையில் நீல அட்டை ஆய்வேடு திரும்பி வந்திருந்தது. பக்கத்தில் பச்சை அட்டையில் ஒன்று, மரூன் அட்டையில் ஒன்று. எல்லாமே கையெழுத்துக்குக் காத்திருப்பவை.

இன்னொரு சீட்டு எழுதலாம் என்று பையைத் தடவினார். ‘கணக்கு வாத்தியாருடையது’ என்று எழுதலாம். அப்படி எழுதினால் அது பெயர் இல்லாமல் வேறென்ன? கை பைக்குள்ளேயே நின்றது.

அப்போதுதான் அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. அவருடைய பெட்டியில் முதல் வாரம் விழுந்தது. ‘அந்த மூணாவது வரி எப்படி சார் வந்துச்சு?’ வகுப்பில் சத்தமாகப் படித்துவிட்டு, “எந்தக் கணக்குல எந்த மூணாவது வரி? யாருல இது?” என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. அட்டவணையில் அதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொண்டார்.

வெகு நேரம் அங்கேயே நின்றார். பிறகு கதவைத் தட்டினார்.

“வாங்க சார். ஏதாவது கேக்கணுமா?”

‘ஒண்ணுமில்ல மேடம்’ தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார்.

“அந்த பஸ் டிக்கெட் என்னுது மேடம். நீல அட்டையும் என்னுது. ஏன் இன்னும் கையெழுத்துப் போடல?”

“உக்காருங்க சார்.”

உட்கார்ந்தார்.

மேடம் ஆய்வேட்டைத் திறந்து பின்னிணைப்பை அவர் பக்கம் திருப்பினார். மூன்றாவது வரிச் சீட்டின் படம்.

“இது யாரு எழுதுன சீட்டு?”

“தெரியாது மேடம். பேர் இல்ல.”

“பதில் கிடைச்சுதா அந்தப் பிள்ளைக்கு?”

“இல்ல மேடம்.”

“எத்தனை சீட்டு விழுந்துச்சுன்னு அட்டவணை இருக்கு. எத்தனை பேருக்கு விளங்குச்சுன்னு எங்கயும் இல்ல. வீட்டுக்குக் கொண்டுபோயும் தேடிப் பார்த்தேன். அஞ்சாவது அத்தியாயம் முடியல சார். அதான் போடல.”

“இதை நீங்க முன்னாலயே சொல்லியிருக்கலாமே மேடம்?”

“வந்தப்பல்லாம் கேட்டேனே, ஏதாவது கேக்கணுமான்னு.”

“அப்படிப் பொத்தாம் பொதுவாக் கேட்டா யாரு மேடம் வாயத் திறப்பா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.

“சரிதான் சார். என் மேலயும் தப்பு இருக்கு” என்றார் மேடம். பிறகு, “இப்ப நீங்க சொன்ன இந்த வரி உங்க அஞ்சாவது அத்தியாயத்துல இல்லையே?”

ஆய்வேட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

“எழுதிட்டு வாங்க. போடறேன்.”

வாங்கிக்கொண்டு எழுந்தவர் கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். இப்போது கேட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

“முப்பத்தொண்ணுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு மேடம். அந்தப் பிள்ளை யாருன்னு தேடிக் கண்டுபிடிச்சு, உக்கார வச்சுப் பேசி, பிறகு எழுதணும். பத்து நாள் போதுமா?”

“மூணாவது வரியில நின்ன பிள்ளைக்கு ஒரு பீரியடு, நாப்பது நிமிஷம்தான் இருந்துச்சு சார்.”